லிங்கனோட கடையும் கடன் நோட்டும்

வணக்கம் சார். பையன் ஸ்கூல்ல லிங்கன் பத்திப் பேசணும். சில்லறை பாக்கியைத் திருப்பிக் கொடுக்க மைல் கணக்குல நடந்தாருங்கிற கதை நிஜமா? அவர் வச்சிருந்தது சாராயக் கடைன்னு ஒருத்தர் சொல்றார். கடையே நடத்தத் தெரியாத ஒருத்தர் நாட்டை எப்படி நடத்தினார்? எங்கப்பாவும் ஊர்ல மளிகைக்கடை வச்சு நொடிச்சுப் போனவர்தான், அதனால கேக்குறேன். போன மாசம் வீட்டைக் காலி பண்ணப்போ அவரோட கடன் நோட்டு அஞ்சாறு கிடைச்சுது, என்ன பண்றதுன்னு தெரியல.

தம்பி,

கடைசி ரெண்டு வரியைப் போறபோக்குல எழுதிட்டீங்க, எனக்கு அங்கயே மனசு நின்னுபோச்சு. ரெண்டு மாசமா, லிங்கன் கடை வச்சிருந்த நியூ சேலம் ஊரைப் பத்திதான் யோசிச்சிட்டிருந்தேன், சரியா உங்க கடிதம் வந்துச்சு.

சில்லறை கதை, அவர் செத்த பிறகு பழைய ஊர்க்காரங்க சொன்னது, ஆளுக்கு ஆள் மாறும், பையன் சொல்லிட்டுப் போகட்டும். சாராயம்: 1833 மார்ச்சுல, கடைக் கூட்டாளி பெர்ரி, லிங்கன் ரெண்டு பேர் பேர்லயும் 7 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்கியிருக்கு, அதுல இருக்கிற லிங்கன் கையெழுத்து அவர் போட்டதில்ல. இதோட அதை விடுங்க.

ஆனா 'கடையே நடத்தத் தெரியாத ஒருத்தர்'னு எழுதினீங்களே, எனக்குக் கோபம் அங்கதான். அப்பாவையும் அதே வரிசையில கொண்டுபோய் நிறுத்திட்டீங்க. கிராமத்துக் கடை எப்படி ஓடும்னு அந்தக் கடையில வளர்ந்த நீங்களே பாக்கலைன்னா வேற யார் பாப்பாங்க?

நியூ சேலம், இல்லினாய்ல சங்கமன் ஆத்தங்கரை மேட்டுல, இருபத்தஞ்சு குடும்பம் இருந்த ஊர். யார் கையிலயும் காசு பெருசாப் புழங்காது. காப்பி, சர்க்கரை, உப்பு, துணின்னு கணக்குல எழுதி வாங்கிட்டுப் போவாங்க, அறுவடை முடிஞ்சு மக்காச்சோளம், பன்னிக்கறி, தேன், வெண்ணெய்னு கொண்டுவந்து கழிப்பாங்க, அந்தச் சரக்கு படகேறி எங்கயோ வித்தாத்தான் கடைக்காரர் காசைக் கண்ணால பாக்க முடியும். லிங்கன் அந்த ஊருக்கு வந்ததே 1831ல நியூ ஆர்லியன்ஸுக்குச் சரக்கு ஏத்திட்டுப்போன படகுல, மில் அணைக்கட்டுல படகு மாட்டிக்கிச்சு. அப்புறம் பெர்ரியும் அவரும் கடை வாங்கினதும் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான். 1835 ஜனவரியில பெர்ரி செத்துப்போக, கூட்டாளி பங்குக் கடனும் சேந்து 1100 டாலர் மாதிரி இவர் தலையில. அப்போ அவர் அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் வேற, அதுல அவருக்கு ஒரு வருஷ வரும்படி 55 டாலர் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. அந்தக் காலத்துல கடன்பட்டவங்க ராத்திரியோட ராத்திரியா மேற்கே கிளம்பிடுவாங்க, இவர் போகல. கேஸ் போட்டு குதிரை, சேணம், சர்வே கருவி எல்லாம் ஏலத்துக்கு வந்துச்சு. ஜேம்ஸ் ஷார்ட்னு ஒரு விவசாயி 120 டாலருக்கு ஏலத்துல எடுத்து அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார். ஒரு விவசாயி சொந்தமில்லாத ஒருத்தனுக்கு ஏன் அவ்வளவு காசு போடணும்?

எனக்குப் பதில் அந்தத் தபால் ஆபீஸ்ல கிடைக்குது. 1833 மே மாசத்துல இருந்து 1836 மே வரை அந்த வேலையைப் பாத்தார். அப்பல்லாம் தபால் செலவைப் பெரும்பாலும் வாங்குறவங்கதான் கொடுக்கணும், ஒத்தைத் தாள் 30 மைலுக்குள்ள 6 சென்ட், 400 மைல் தாண்டினா 25 சென்ட். கடிதங்களைத் தொப்பிக்குள்ள வச்சுட்டு வீடு தேடிப்போய்க் கொடுப்பார். 1835ல மார்ஷ்னு ஊர்க்காரர் ஒருத்தர் தன் சகோதரருக்கு எழுதுறார், போஸ்ட்மாஸ்டர் ஆபீஸைத் திறந்துபோட்டுட்டுப் போயிடுறார், நானே போய் பேப்பரை எடுத்துக்கிறேன்னு. அந்தக் கடிதத்தையே லிங்கன் விதியை மீறிக் காசில்லாம அனுப்பி வச்சிருக்கார். ஸ்பியர்ஸ்னு ஒருத்தர் பேப்பர் தபால் காசுக்கு ரசீது கேட்டப்போ, முன்பணமா வாங்க வேண்டியதை ஒரு வருஷம் பொறுத்த என்கிட்டயே ரசீது கேட்டு மனசை நோகடிக்கிறீங்களேன்னு லிங்கன் எழுதியிருக்கார்.

அந்தக் கோபத்தை நான் எங்க பெரியப்பா முகத்துல பாத்திருக்கேன். கரிசக்காட்டு ஊரு. அவருக்கு நாலு ஏக்கர், ஒரு கடை, கடைக்குள்ளயே கிளைத் தபால் ஆபீஸ். கிராமத்து போஸ்ட்மாஸ்டருக்கு வேற பிழைப்பு இருக்கணும்னு விதி, அதனால கடைக்காரர், வாத்தியார், சம்சாரின்னு யாராவதுதான் பாப்பாங்க. பிள்ளைங்க நாங்க மடியில பருத்தி கொண்டுபோய் சேவு வாங்கித் தின்னோம், பெரியவங்க தவசம் அளந்து எண்ணெய் வாங்கிட்டுப் போனாங்க. பம்பாய்ல இருந்து மகன் அனுப்புன 50 ரூபா மணியார்டருக்கு ஒரு கிழவி வருவா, கடையில 80 ரூபா பாக்கி இருக்கும். பெரியப்பா 50 ரூபாயையும் எண்ணி அவ கையில கொடுத்து ரேகை வாங்கிட்டு, பாக்கி பத்தி வாயே திறக்க மாட்டார். அவளா வெளிய போய், வேப்பமரத்தைச் சுத்தி, கடைப்பக்கமா வந்து நின்னு பத்து ரூபா நீட்டுனா வாங்கிக்குவார். "சர்க்கார் கல்லா வேற, நம்ம கல்லா வேற"ன்னு பெரியம்மாகிட்ட சண்டை போடுவார்.

நியூ சேலம் ஆபீஸ் மூடுன பிறகு, ஸ்பிரிங்ஃபீல்டுல லிங்கன் கடனோட கிடந்தப்போ, தபால் துறை ஆள் வந்து பழைய பாக்கியைக் கேட்டாராம், துணியில முடிஞ்சு வச்சிருந்த அதே காசுகளை எடுத்து வச்சாராம். பழகினவங்க சொன்ன கதைதான். ஆனா அதைப் படிச்சப்போ எனக்கு வேப்பமரத்தைச் சுத்தி வர்ற கிழவிதான் தெரிஞ்சா. நாட்டை எப்படி நடத்தினார்னு கேட்டீங்கல்ல, அந்தத் துணி முடிச்சுல இருந்து பாக்க ஆரம்பிங்க.

பெரியப்பா கடையை 1987ல மூடினார். சரக்கு கொடுத்த மண்டிக்காரர் ஒருத்தர் தராசையும் கல்லாப்பெட்டியையும் தூக்கிட்டுப் போனார், ஏலத்துல எடுத்துத் திருப்பிக் கொடுக்க எங்க ஊர்ல யாரும் வரல. நோட்டுகளைப் பழைய பேப்பரோட சேத்து எடைக்குப் போட்டது நான். இருபது வயசு. வசூலாகாத கடன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. யார் வீட்டுல எந்த மாசம் நெல்லுச்சோறு ஆக்கினாங்க, யார் மகன் எப்போ பணம் அனுப்பினான், எந்த வருஷம் மழை பொய்ச்சு ஊரே கழிக்காம நின்னுச்சுன்னு அதுல இருந்திருக்கும்.

உங்க நோட்டுகளை நிழல்ல காத்தாடக் காய வச்சு, துணியில சுத்தி வையுங்க. பூச்சிக்கு வேப்பிலை போடுங்க. பையனை உக்காரவச்சு ஒரு பக்கமாவது சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, தாத்தா கையெழுத்து புரியலைன்னா நீங்க பக்கத்துல இருங்க. ஓரத்துல சின்னதா என்னமோ குறிச்சிருப்பார், யாரு காசு தந்தா, யாரு பருத்தி தந்தான்னு. ஆள் பேரை மறைச்சுட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.