'மங்காதாமே!'

கேள்வி: இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு வயதான காலத்தில் மூளை மங்காதாமே? என் மாமனாருக்கு 68 வயது. இந்தி வகுப்பில் சேர்த்துவிடலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: 'மங்காதாமே' என்று எழுதினீர்களே, அந்த 'ஆம்' ஈற்றுக்காகவே இந்தக் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். 'வந்தான்' என்றால் சொல்கிறவர் பொறுப்பு. 'வந்தானாம்' என்றால் கேள்விப்பட்டது. தப்பாக இருந்தால் சொன்னவரைப் போய்க் கேளுங்கள். தனியாக நின்றால் உறுதி சொல்லும் 'ஆம்', வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டதும் 'அப்படிச் சொல்கிறார்கள்' என்று விலகி நிற்கிறது. இவ்வளவு நேர்மையான ஈறு கையில் இருந்தும், மருத்துவச் செய்தி என்று வந்தால் நம் நாளிதழ்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். 'காபி ஆயுளைக் கூட்டும்', 'மஞ்சள் புற்றைத் தடுக்கும்' என்று எல்லாமே கண்ணால் கண்ட தொனியில் வருகின்றன. இதே பக்கத்தில் பல முறை கண்டித்தாயிற்று. நிறுத்தும்வரை கண்டிப்போம்.

நீங்கள் கேட்டதில் எதற்கு 'ஆம்' வேண்டாம் என்று முதலில் பார்ப்போம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 மறதிநோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 391 பேர் இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசுபவர்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நாலரை ஆண்டு கழித்தே இவர்களுக்கு நோய் தலைகாட்டியிருந்தது. டொராண்டோவில் எலன் பியாலிஸ்டாக் குழு 2007இல் 184 நோயாளிகளிடம் கண்டதும் ஏறத்தாழ நாலு ஆண்டுதான். ஆனால் அங்கே இருமொழியினரில் பெரும்பாலோர் குடியேறியவர்கள். கடல் தாண்டத் துணிந்த உடம்பும் மனமும் காரணமா, மொழி காரணமா என்று பிரிக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் தெலுங்கும் உருதுவும் தெருவிலேயே கிடைக்கின்றன. அதற்காக யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடமே போகாதவர்களிடம்கூட ஆறு ஆண்டு வேற்றுமை தெரிந்தது. அதனால்தான் அந்த ஆய்வுக்கு மதிப்பு. மூன்றாவது மொழியால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மும்மொழிச் சண்டையில் எந்தத் தரப்பும் இதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இது நோயாளிகளைப் பற்றியது, பாடத்திட்டத்தைப் பற்றியது அல்ல.

கவனியுங்கள், அந்த 391 பேருக்கும் நோய் வந்தது. தள்ளி வந்தது, அவ்வளவே. 'மங்காது' என்று சொல்ல இடமே இல்லை.

தள்ளிப்போனதற்கு மொழிதான் காரணமா? இங்கே 'ஆம்' கட்டாயம் வேண்டும். நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் ஸ்பானிய மொழி பேசும் 1,067 முதியவர்களை, நோய் வருவதற்கு முன்பிருந்தே 23 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். 2014இல் வந்த முடிவு: ஆங்கிலமும் தெரிந்தவர்கள் தொடக்கத் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள், மறதிநோய் வருவதில் மட்டும் வேற்றுமை இல்லை. மருத்துவமனைப் பதிவேடு, தானாக வந்து சேர்ந்தவர்களை மட்டுமே காட்டும். யார் எப்போது மருத்துவரிடம் போகிறார் என்பது படிப்பு, பணம், வீட்டார் கவனம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஆய்விதழ்களும் கத்தரிக்கோல் பிடித்திருக்கின்றன. மாநாடுகளில் வாசித்த 104 ஆய்வுச் சுருக்கங்களை ஏஞ்சலா டி புருயினும் சகாக்களும் 2015இல் தேடிப் பார்த்தார்கள். இருமொழிக்குச் சாதகமானவற்றில் பாதிக்கு மேல் அச்சேறியிருந்தன. பாதகமானவற்றில் பாதிக்கும் நன்றாகக் குறைவு.

இந்த வழக்கின் தொடக்கத்திலேயே தமிழர்கள் இருக்கிறார்கள். பியாலிஸ்டாக்கின் 2004 ஆய்வில் இந்தியாவில் வாழும் தமிழ்-ஆங்கில இருமொழியினரைக் கனடாவின் ஆங்கில ஒருமொழியினரோடு ஒப்பிட்டார்கள். கணினித் திரையில் நீலக் கட்டம் தெரிந்தால் இடது பொத்தானை அழுத்த வேண்டும், சிவப்புக்கு வலது. நீலம் திரையின் வலப்பக்கம் தோன்றினால் கை தடுமாறும். நம்மவர்கள் குறைவாகத் தடுமாறினார்கள். முதியவர்களிடம் இந்த வேற்றுமை இன்னும் பெரிது. மகிழ்ச்சிதான். ஆனால் ஊர், தொழில், பள்ளிப்படிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று மொழியைத் தவிரவும் எத்தனையோ வேறுபடும். அதே ஆய்வின் வேறொரு பகுதியில், நடுவயதினருக்குப் பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்தபோது இருமொழியினருக்கும் ஒருமொழியினருக்கும் இடையிலான இடைவெளி மறைந்தும்போனது.

மாமனாருக்கு வருவோம். வாரம் ஒரு மணி நேர வகுப்பை ஹைதராபாத் ஆய்வு அளக்கவில்லை. அங்கே இருப்பது ஆயுள் முழுக்கக் கடையிலும் வீட்டிலும் மாற்றி மாற்றிப் பேசும் பழக்கம். அவருக்கு ஆசை இருந்தால் சேருங்கள். நாலு பேரோடு பழகுவதே நல்லது. அதற்கு முன் காதைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு காதுக்கும் செவித்திறன் சோதனை செய்யுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட, மறதிநோயில் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது மந்தம் உண்டு; ரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வைக் குறை, தனிமையும் உண்டு. ஒரு மொழி மட்டும் பேசுவது அந்தப் பட்டியலில் இல்லை.

என்றாவது நினைவாற்றல் சோதனைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். பரவலாகப் புழங்கும் 30 மதிப்பெண் தேர்வில் 'வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். ஐந்து எழுத்து, ஐந்து மதிப்பெண். மொழிபெயர்த்து 'உலகம்' என்று கேட்டால் எழுத்து நாலுதான். ஐந்தாவது மதிப்பெண்ணை எங்கிருந்து கொடுப்பது? 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்கள் சொல்லும் தேர்வில் இருமொழியினர் பொதுவாகக் கொஞ்சம் குறைவாகவே சொல்வார்கள். சொல் நாக்கு நுனியில் நிற்பதும் அவர்களுக்கு அதிகம். அது நோய் அல்ல. எந்த மொழியில் காசு எண்ணுகிறாரோ அந்த மொழியில் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை வகுப்பு படித்தார், எந்த மொழியை எந்த வயதிலிருந்து யாரிடம் பேசினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.