சூளைக் கன்ட்ரோலரில் புரோகிராம் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமா?

மண்பாண்டம் சுடும் மின் சூளைக்குப் புரோகிராம் கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறீர்கள். அது எப்படி வேலை செய்கிறது, போட்டுவிட்டுத் தூங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தூங்காதீர்கள். அப்படித் தூங்கி ஒரு சூளை நிறையக் கிண்ணங்களைப் பறிகொடுத்தவள் நான்.

சூளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே தெர்மோகப்பிள், அது இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்தது. நுனிக்கும் மறுமுனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துக்கு ஏற்ப அதில் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். கே டைப் என்ற தெர்மோகப்பிள் வகையில் 1000 டிகிரிக்குச் சுமார் 41 மில்லிவோல்ட், அவ்வளவுதான். கன்ட்ரோலர் அதை அளந்து, ஒயர் வந்து சேரும் தன் முனையில் இருக்கும் சூட்டையும் கணக்கில் சேர்த்து, எண்ணாகக் காட்டுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள்: மணிக்கு எத்தனை டிகிரி ஏற வேண்டும், எதுவரை, அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். நான் 600 வரை மணிக்கு 100தான் கொடுப்பேன். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், அவசரப்பட்டால் விரிசல். அப்புறம் மணிக்கு 150, 1220 வரை. கன்ட்ரோலர் 'இந்த நிமிடம் எவ்வளவு இருக்க வேண்டும்' என்று கணக்குப் போட்டு, உள்ளே இருப்பதோடு ஒப்பிடும். எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, எவ்வளவு நேரமாக, எந்த வேகத்தில் நெருங்குகிறது, இந்த மூன்றையும் பார்ப்பதைத்தான் பிஐடி என்கிறார்கள். பெரும்பாலான சூளைகளில் கரண்டைக் கூட்டிக் குறைப்பதில்லை. 20 விநாடியில் 12 விநாடி ஆன், 8 விநாடி ஆஃப், இப்படித்தான். கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலே 'டக் டக்' என்பது அந்தச் சத்தம்.

என் கதைக்கு வருகிறேன். பழைய தெர்மோகப்பிள் தேய்ந்துபோய்ப் புதிது மாட்டச் சொன்னேன். ஒயர் நீளம் போதவில்லை என்று வந்தவர் சாதாரண காப்பர் ஒயரை ஒட்டிவிட்டுப் போனார். இரவு சூளை ஏற்றினேன். காலையில் திரையில் எல்லாம் சரியாக முடிந்ததாக இருந்தது. ஆறியதும் திறந்தால், கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் மேற்பூச்சு, வழிந்து கிண்ணங்களின் அடி தட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்று பார்க்கச் சின்னக் கூம்பு ஒன்று வைப்போம்; 1220-ஐ ஒட்டி வளைய வேண்டிய அந்தக் கோன் 6, நிற்கிற சுவடே இல்லாமல் படுத்துவிட்டது.

அவரைக் கேட்டால், "உங்கள் கிளேஸ் கலவைதான் தப்பு" என்றார். நானும் நம்பி இரண்டு மாதம் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. கடைசியில் அளந்து பார்த்தேன். காப்பர் ஒயரை ஒட்டிய தெர்மோகப்பிள் தலைப்பகுதி சூளைச் சுவரை ஒட்டி 80 டிகிரியில் இருக்கிறது, கன்ட்ரோலர் பெட்டி தள்ளி 30-இல். கன்ட்ரோலர் தன் முனையின் 30-ஐத்தான் கணக்கில் சேர்க்கும்; காப்பர் ஒயர் நடுவிலுள்ள அந்த 50 டிகிரியை முழுங்கிவிடுகிறது. திரை 1220 காட்டியபோது உள்ளே 1270-க்கு மேல். கே டைப் தெர்மோகப்பிள் மாதிரியே மின்னழுத்தம் தரும் ஈடுசெய்யும் ஒயரை மாட்டியதும் கோன் ஒழுங்காக வளைந்தது.

"நாங்களும் காப்பர்தான் போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது எழுதுவீர்கள். இரண்டு முனையும் ஒரே சூட்டில் இருந்தால் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை, ஆனால் இதை அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"மெஷின்தானே சுடுகிறது, நீ என்ன செய்தாய்" என்று விறகுச் சூளைக்காரர்கள் கேட்பதும் எனக்கு வலிக்கும். 50 டிகிரி பிசகினால் நஷ்டம் யாருக்கு? மண் பிசைந்த கைக்குத்தானே.

இன்னொன்று. ரிலே பழுதானால் பல நேரம் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதனால் தனித் தெர்மோகப்பிளோடு, தனியாக மெயினை வெட்டும் ஒரு பாதுகாப்புக் கட்டுப்பாடும் வையுங்கள். எனக்கு அது இருக்கிறது. இருந்தும் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அலாரம் வைத்து எழுந்துவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டை வழியாகப் பார்த்து, கோன் தலை சாய்ந்ததும் நானே மெயினை அணைக்கிறேன்.