மருதுவின் படைவீரரா, கம்பெனிச் சிப்பாயா?

கேள்வி: என் தாத்தா 1890இல் பினாங்கில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா மருது பாண்டியர் படையில் இருந்து, நாடு கடத்தப்பட்டு இங்கே வந்தவர் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பாட்டி மட்டும், ‘அவர் மலாக்காக் காட்டில் ரோடு போடப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தார், பெண்சாதி கைக்குழந்தையோடு சிப்பாய் லைனில் நின்றாள்’ என்பார். வீட்டில் 29 என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். எது உண்மை ஐயா? அவருக்கு எந்த நாளில் திதி கொடுப்பது?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அம்மா, நான் உங்கள் பாட்டியின் பக்கம். வீரக்கதை கட்ட நினைப்பவர்கள் தங்கள் நாயகனை ரோடு போடும் இடத்தில் காய்ச்சலில் சாகவிட மாட்டார்கள். யாருக்கும் பெருமை சேர்க்காத ஒரு விவரம் இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது என்றால், நடந்ததால்தான் வந்திருக்கிறது.

உறவினர்கள் சொல்வதும் வெறுங்கதை அல்ல. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, அவர்களைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது பதின்வயதுப் பிள்ளை. அவர்களைக் காவலில் வைத்திருந்த வெல்ஷ் என்ற அதிகாரி 1818இல் பினாங்குக்கு வந்தபோது, வாடித் தளர்ந்த ஒருவர் அவரைத் தேடி வந்து நின்றார். அவர்தான் துரைசாமி. வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை. ஊருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார். அதையும் வெல்ஷ் வாங்கிக்கொள்ளவில்லை. தம் நினைவுக்குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். இதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

ஆனால் உங்கள் தகடு வேறு கதை சொல்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்டை வடிவம், நடுவில் 29, ஓரத்தில் மதராஸ் காலாட்படை என்பதன் ஆங்கில எழுத்துகள் பாதி தேய்ந்திருக்கின்றன. பின்புறம் தோள்வாரில் மாட்டும் கொக்கிகளில் ஒன்று ஒடிந்திருக்கிறது. இது கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் மார்பின் குறுக்கே அணிந்த வாரின் தகடு. 29ஆம் மதராஸ் காலாட்படை 1831இல் மலாக்காவில் இருந்தது.

மலாக்காவை அடுத்த நானிங்கில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கம்பெனி வரியாகக் கேட்டது. நானிங்கின் பெங்குலு, அதாவது ஊர்த்தலைவர், டோல் சயீத் மறுத்தார். 1831 ஆகஸ்டில் 29ஆம் படையின் சிப்பாய்களை அனுப்பினார்கள். நானிங் மக்கள் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்துவிட்டார்கள். பீரங்கிகளைக்கூட விட்டுவிட்டுப் படை திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு பெரும்படை வந்தது. காட்டை வெட்டி ரோடு போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஊர்ந்து, 1832 ஜூனில்தான் டோல் சயீதின் இருப்பிடமான தாபோவைப் பிடித்தார்கள். பாட்டி சொன்ன ரோடு இதுதான். தலைமுறைக் கணக்கும் பொருந்துகிறது: தாத்தா 1890 என்றால் அவருடைய கொள்ளுத்தாத்தா 1800ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். மருதுவின் படையில் வாளேந்தும் வயது அவருக்கு இல்லை.

வரி கொடுக்க மறுத்த ஒரு தலைவரை அடக்கப் போன படையில் உங்கள் முன்னோர் இருந்தார். உறவினர்களுக்கு இது உறுத்தலாம். மாதம் 7 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கடல் கடந்து வந்த மனிதரை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் போரில் இறந்த வெள்ளை அதிகாரிகளுக்கு மலாக்காவை அடுத்த அலோர் காஜாவில் பெயர் பொறித்த கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. சிப்பாய்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. அவருக்கு மிஞ்சியது உங்கள் பாட்டியின் வாய்ச்சொல்தான். அதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். உறவினர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

பெயரைத் தேட லண்டனைவிடச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமே நல்ல இடம். 1831, 1832 ஆண்டுகளின் ராணுவத்துறைக் கோப்புகளைக் கேளுங்கள். கடல் கடந்து போகும் சிப்பாய்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலிருக்கும் குடும்பத்துக்கு ஒதுக்கும் வழக்கம் மதராஸ் படையில் இருந்தது. ஆகவே குடும்பத் தொகை, வாரிசு மனு என்று வரும் தாள்களை முதலில் புரட்டுங்கள்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது நம் வழக்கம். பெயர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் புரட்டாசியிலேயே கொடுங்கள். தகட்டைப் புளி போட்டு மட்டும் துலக்கிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

கேள்வி: எங்கள் வீட்டு வெள்ளிப் பதக்கத்தின் நாடாப் பட்டையில் ‘பேராக்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இது எந்தப் போர்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: 1875 நவம்பர் 2ஆம் தேதி பேராக் மாநிலத்துப் பாசிர் சாலாக்கில், சுல்தானுக்கு ஆலோசகராக அமர்த்தப்பட்ட பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த போர். மதராஸ் சாப்பர் என்ற ராணுவப் பொறியியல் படையின் ஒரு பிரிவும் அதில் இருந்தது. தமிழர்கள் நிறைந்த படை அது. பதக்கத்தின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பெற்றவரின் பெயரையும் படைப்பிரிவையும் அங்கேதான் பொறிப்பார்கள். படித்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள், தொடர்ந்து தேடுவோம்.