ஜெபல் ஷம்ஸ் ஏறுமுன்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எனக்கு வயது 54. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன், வரும் ஜனவரியில் ஓமன் நாட்டின் ஜெபல் ஷம்ஸ் மலைக்கு இருவரும் சேர்ந்து ஏறலாம் என்கிறான். பருவதமலைக்குப் பல ஆண்டுகளாக ஏறி வருபவன் நான். வேலூர் வெயிலும் பழகியவன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் பகலுணவும் கொண்டுபோனால் போதுமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டு லிட்டர் போதாது, ஐயா, ஆளுக்கு ஐந்து லிட்டராவது சுமந்து செல்லுங்கள். பருவதமலையின் கடப்பாறைப் பாதையைக் கடந்தவருடைய கால்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேலூர் வெயில் பழகியவன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் கவலை தருகிறது. ஓமன் மலைகளுக்கு முதன்முறை சென்றபோது நானும் அதே நம்பிக்கையோடுதான் சென்றேன்.

நம் ஊர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், புருவத்தில் வியர்வை வழியும், தண்ணீர் குடி என்று உடம்பே சொல்லிவிடும். வறண்ட பாலைக் காற்றிலோ வியர்வை அரும்பியவுடன் காய்ந்துவிடுவதால் சட்டை நனைவதே அரிது. உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டிருப்பதும் தெரிவதில்லை. அன்று நண்பகலில் ஒரு பாறை நிழலில் முதுகுப்பையை இறக்கியபோது, வார் அழுத்திய இடத்தின் ஓரமாக என் நீலச் சட்டையில் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல் உப்புப் படிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், காலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் சிறுநீர் கழித்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ஜனவரியில் காற்று குளிர்ந்திருப்பதால் தாகமும் மந்தமாகவே எடுக்கும். ஆகவே தாகத்துக்குக் காத்திராமல், கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு குடித்துக்கொண்டே நடங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பு குறைந்து குமட்டலும் குழப்பமும் வரக்கூடும். அதனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாங்கள் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர் என்பதால், எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்பதையும், சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும் வகையா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வேலூர் அருகிலேயே இருக்கும்போது, இதயப் பரிசோதனை ஒன்றையும் முடித்துக்கொள்வதில் சிரமம் இராது. பகலுணவுக்குப் புளிசாதம் மிகவும் ஏற்றது. கெடாது, உப்பும் புளிப்பும் இருப்பதால் களைத்த வாய்க்கும் இறங்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. இந்த மலையின் வடக்கு உச்சி இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால், நடப்பவர்கள் செல்வது 2,997 மீட்டர் உயரமுள்ள தெற்கு உச்சிக்கு. மேட்டுநிலத்திலிருந்து தொடங்கும் டபிள்யூ 4 என்ற பாதையில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். ஏறி இறங்க எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். ஜனவரியில் பகல் வெளிச்சமோ பதினொரு மணி நேரத்துக்கும் குறைவு. பருவதமலையைப் போல இடையிடையே கடையோ, உடன் ஏறும் கூட்டமோ அங்கு கிடையாது; குடிநீரும் கிடைக்காது. ஆகையால் முதல் வெளிச்சத்திலேயே புறப்படுங்கள். பன்னிரண்டரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கீழே இருக்கும்போதே தந்தையும் மகனும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உச்சி என்று எண்ணி மூச்சிரைக்க ஏறிய முகட்டுக்குப் பின்னால் இன்னொரு முகடு எழும்பி நிற்கும் மலை அது. அங்கே நின்றுகொண்டு யோசித்தால் இன்னும் அரைமணிதானே என்றுதான் மனம் சொல்லும்.

இரவில் தங்குவதானால் குளிரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். உறைநிலை வரை இறங்கக்கூடிய அந்தக் குளிருக்கு, நாம் மார்கழியில் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஸ்வெட்டர் எந்த மூலைக்கு? கம்பளி உடுப்பும் காற்றைத் தடுக்கும் மேற்சட்டையும் தலையில் மாட்டும் டார்ச்சும் கட்டாயம் வேண்டும். பகலில் தலைக்கும் பிடரிக்கும் நம் பருத்தித் துண்டே போதுமானது.

பயிற்சிக்குச் சோளிங்கர் செல்லுங்கள். பெரிய மலையின் 1,305 படிகளையும், ஐந்து லிட்டர் தண்ணீரை முதுகில் சுமந்தபடி வாரம் ஒருமுறை ஏறுங்கள். இறங்கும்போது ரோப் காரை நாடாமல் படிகளிலேயே இறங்குங்கள், ஏனெனில் முழங்கால் தேய்வது இறக்கத்தில்தான். புதிய காலணியையும் அந்தப் படிகளிலேயே பழக்கிவிடலாம்.

கேள்வி: அதே மலைப் பகுதிக்கு நானும் என் கணவரும் செல்கிறோம். உச்சி வரை ஏறும் எண்ணமில்லை. கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பி நடக்கலாமா?
- வாசகி, வாணியம்பாடி

பதில்: உங்களுக்கு டபிள்யூ 6 பாதை பொருந்தும். அல் கிதைம் என்ற சிற்றூரிலிருந்து, பெரும் பள்ளத்தாக்கின் சுவரை ஒட்டியே கைவிடப்பட்ட பழைய ஊர் ஒன்றுக்குச் செல்லும் பாதை அது. ஏற்றம் குறைவு, போய்வர நான்கு மணி நேரம் போதும். ஓரம் செங்குத்தாக விழுவதால் தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அலைவரிசை கிடைக்காத இடங்களும் உண்டு; பேட்டரியும் குளிரில் சீக்கிரம் தீரும். பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் தீட்டியிருக்கும் பட்டைக் கோடுகளே உண்மையான வழிகாட்டி. அடுத்த கோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், முன்னே தேடிக்கொண்டு போகாமல், கடைசியாகப் பார்த்த கோட்டுக்கே திரும்பி வந்து அங்கிருந்து பாருங்கள். அவசர உதவிக்கான எண் 9999. எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. அங்கே ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப் படுகைகளைக் கடந்துதான் மலைக்குச் செல்ல வேண்டும். பாலாற்றை மணலாகவே பார்த்துப் பழகிய நாம், 2021 நவம்பரில் அது இரு கரையும் புரண்டு ஓடியதையும் பார்த்தோம். அங்குள்ள பாறை நிலம் மழையை உறிஞ்சாததால், எங்கோ மேலே பெய்த மழை சில நிமிடங்களில் படுகையில் பாய்ந்துவிடும். வண்டியைப் படுகையில் நிறுத்த வேண்டாம், கூடாரமும் அங்கே போட வேண்டாம். வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தால், முழங்கால் அளவுதான் என்று தோன்றினாலும், வடியும்வரை கரையிலேயே காத்திருங்கள்.