லீவர் இறுகினால் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றணுமா?

கேள்வி: நான்கு வருடப் பைக், முன்னால் டிஸ்க் பிரேக். இரண்டு மாதத்துக்கு முன் நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்து பிரேக் லீவர் உடைந்தது. வெளியில் ஒன்று வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளாக லீவர் கல் மாதிரி இருக்கிறது, கையை எடுத்தால் சோம்பலாகத் திரும்புகிறது. மெக்கானிக் தொட்டுப் பார்த்துவிட்டு மாஸ்டர் சிலிண்டர் செட்டையே மாற்றணும் என்கிறார். மாற்றலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: மாஸ்டர் சிலிண்டர் என்பது ஹேண்டிலில் லீவரை ஒட்டி இருக்கும் பாகம், லீவர் தள்ளும்போது பிரேக் ஆயிலை அழுத்துவது அதுதான். இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

‘தொட்டுப் பார்த்துவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல். லீவரைத் தொட்டால் லீவர் இறுகியிருப்பது தெரியும். அது உங்களுக்கே தெரிந்த விஷயம். ஏன் இறுகியது என்று பார்க்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இரண்டு ஸ்பானர் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அதைச் செய்வதை விட முழு செட்டை விற்பது சுலபம்.

முதலில் லீவரையே சந்தேகப்படுங்கள். லீவர் மாற்றிய பிறகுதானே தொந்தரவு ஆரம்பித்தது? லீவர் ஒரு போல்ட்டில் சுழல்கிறது, அதன் அடியில் ஒரு நட்டு. போல்ட்டை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும். பிடிக்காமல் முடுக்கினால் போல்ட்டும் சேர்ந்து சுழன்று லீவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் லீவர் மாட்டியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். நட்டைக் கால் சுற்று தளர்த்தியதும் லீவர் பழையபடி ஆடிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதில் சரியாகவில்லை என்றால் போல்ட்டைக் கழற்றி லீவரை வெளியே எடுங்கள். போல்ட்டில் துருவும் மண்ணும் சேர்ந்து காய்ந்த பசை மாதிரி ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். லீவர் இல்லாத நேரத்தில் இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். மாஸ்டர் சிலிண்டர் வாயில் பிஸ்டன் முனை தெரியும். மழுங்கிய குச்சியால் அதை மெல்ல அழுத்தி விடுங்கள். துள்ளித் திரும்பினால் குற்றம் லீவர் பக்கம். அழுத்திய இடத்திலேயே மசமசவென்று நின்றால் உள்ளே கோளாறு.

உங்கள் வண்டியில் நான் அதிகம் பயப்படுவது வெளியில் வாங்கிய அந்த லீவரைப் பார்த்துத்தான். லீவரின் மூக்குப் பகுதி பிஸ்டனைத் தள்ளுகிறது. கையை எடுத்த நிலையில் மூக்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். விரல் நுனியால் ஆட்டினால் லீவர் சும்மா கொஞ்சம் ஆட வேண்டும். டூப்ளிகேட் லீவரின் மூக்கு ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் எப்போதும் சற்று அழுந்தியே இருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி முனை அளவில் ஒரு துளை உண்டு. பிரேக்கை விட்டதும் ஆயில் அந்த வழியாகத்தான் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். பிஸ்டன் பின்வாங்கினால்தான் அது திறக்கும்.

ஓட்டலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? லீவர் இறுகியிருந்தாலும் பிரேக் பிடிக்கிறது, சக்கரமும் தாராளமாகச் சுற்றுகிறது என்றால் மெதுவாகப் பட்டறை வரை போய்விடலாம். ஒரு நிலையில் கண்டிப்பாகக் கூடாது. கிளம்பும்போது லீவர் சரியாக இருக்கிறது, பத்து நிமிடம் ஓட்டியதும் இறுகுகிறது, நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி இளகுகிறது என்றால் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டுகூடப் போங்கள், ஓட்டாதீர்கள். ஆயில் திரும்பும் துளை மூடியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். டிஸ்க்கைக் கவ்வும் பேட் லேசாக உரசும், உரசினால் சூடு, சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாததால் பேட்டை இன்னும் அழுத்தும், சூடு இன்னும் ஏறும். நீங்கள் லீவரைத் தொடாமலேயே முன் சக்கரம் கவ்விக்கொண்டு நிற்கும். முன் சக்கரம் ஓட்டத்தில் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிஸ்க் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தெரியும். பிரேக்கே பிடிக்காமல் வந்த வண்டியில் அந்த அனல் இருக்கக் கூடாது.

லீவரில் குறையில்லை, சக்கரம் மட்டும் கவ்விக்கொண்டு நிற்கிறது என்றால் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைக் கேளுங்கள், உங்கள் கண் முன்னால். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, லீவரை ஒருமுறை அழுத்திக் கையை எடுத்து, பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் (ஆயில் போகும் குழாய்) சேரும் போல்ட்டைத் துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். விடுபடவில்லையா, அடுத்ததாகக் கீழே பேட்டுகளை அழுத்தும் காலிப்பரில், ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்கணும். இப்போது விடுபட்டால் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ அது நகரும் பின்னோ துருவேறிச் சிக்கியிருக்கிறது. சோதனைக்குப் பிறகு ஏர் எடுத்தே, அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

லீவர் கல் மாதிரி, ஆனால் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது, வண்டிதான் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டதா என்று பாருங்கள். டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கேபிளைக் கவனியுங்கள்.

கோளாறு மாஸ்டர் சிலிண்டரில்தான் என்று தெரிந்தாலும் உடனே செட் மாற்ற ஓடாதீர்கள். பழைய ஆயில், மேலே உள்ள டப்பாவின் அடியில் பழுப்பு நிறத்தில் களி மாதிரி படிந்து அந்த ஊசித் துளையை அடைத்திருக்கும். கழற்றிக் கழுவி, பிஸ்டனும் ரப்பர் கப்பும் சேர்ந்த கிட்டை மட்டும் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உள்சுவரில் கோடு விழுந்திருந்தால் மட்டும் முழுசாக மாற்றுங்கள். அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள், விரல் நகத்தில் தட்டுப்படும்.

ஆயில் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை என்னிடம் வந்த வண்டியில் யாரோ டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றி நிரப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்தால் உள்ளிருந்த ரப்பர் ஷீட் உப்பி அலை அலையாக நெளிந்து, இடத்தில் உட்காராமல் வெளியே பிதுங்கி வந்தது. ரப்பர் கப்போ தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி உப்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், காலிப்பர் என்று எந்த ரப்பரும் தேறவில்லை. எந்தத் தர பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும் என்று மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 எனப் பொறித்திருக்கிறது. படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பிஸ்டனருகே சாதாரண கிரீஸ் வைப்பதும் சின்ன அளவில் இதே பாவம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் அந்தத் தரத்தின் கணக்கு. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நடப்பது என்ன? வண்டியைக் கழுவி, செயினுக்கு ஸ்பிரே அடித்து, ஜாப் கார்டில் ‘பிரேக் ஆயில்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அந்த டிக்கைப் போட்டவர் மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டார். உங்கள் நான்கு வருட வண்டியில் இதுவரை எத்தனை முறை மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். திறந்து பல மாதமாக அலமாரியில் நிற்கும் பாட்டிலிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புது பாட்டிலின் சீல் உங்கள் எதிரில் உடையட்டும்.

கடைசியில் ஏதாவது பாகம் மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால், அந்தப் பாகம் கழுவித் துடைத்து அடுத்த வண்டிக்குப் போகப்போகிறது.