பூட்டுப் போட்டால் பாடம் ஏறுமா?

கேள்வி: துவாஸில் ஒரு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களுக்கான பாதுகாப்புப் பாடத்தை மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் சரியாக விடை சொன்னால்தான் அடுத்த பகுதி திறக்க வேண்டும் என்கிறார் மேலாளர். சோதித்துப் பார்த்தபோது, பல வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் இரண்டாம் பகுதியிலேயே மாட்டிக்கொண்டார். “இது நமக்குச் சரிப்படாது தங்கச்சி” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இளம் பையன்களோ பாடத்தைப் படிக்காமலே ஒவ்வொரு விடையாகத் தட்டிப் பார்த்து முடித்துவிட்டார்கள். இந்தப் பூட்டு வேண்டுமா, வேண்டாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புச் சகோதரிக்கு,

எல்லாப் பகுதிக்கும் வேண்டாம். தப்பாகப் புரிந்துகொண்டால் யாருக்காவது அடிபடும் என்கிற இடங்களில் மட்டும் வையுங்கள். உங்கள் பாடத்தில் அப்படி மூன்று நான்கு இடம் தேறலாம். மற்ற இடங்களில் கேள்வி இருக்கட்டும், விடை தப்பானால் ஏன் தப்பு என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஆளை மேலே விட்டுவிடுங்கள்.

உங்கள் மேலாளர் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1950களிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்குப் பெட்டி செய்தார். விடைக்கான எண்களை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு குமிழைத் திருக வேண்டும். விடை சரியென்றால் குமிழ் சுழலும், அடுத்த கணக்கு வரும். தப்பென்றால் அசையாது. உங்கள் மேலாளர் கேட்கும் அதே பூட்டு! ஆனால் ஸ்கின்னர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒவ்வொரு படியும் பிள்ளை பெரும்பாலும் சரியாகவே சொல்லும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். அப்புறம், விடையைப் பிள்ளை தானாக அமைக்க வேண்டும், கொடுத்ததில் ஒன்றைப் பொறுக்கக் கூடாது. பின்னால் வந்தவர்கள் பலர் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

அதன் பலனைத்தான் உங்கள் பையன்கள் காட்டினார்கள். நான்கு விடை, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், தப்பென்றால் உடனே தெரிந்துவிடும். அப்படியானால் எந்தக் கேள்வியும் நாலாவது தட்டில் திறந்தே தீரும். ஐந்து கேள்விக்கு மிஞ்சிப் போனால் இருபது தட்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் அதைத்தான் செய்வார்.

கேள்வி கேட்பதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பத்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் படித்ததை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அந்த ஆய்வில் பூட்டே கிடையாது, விடை சரியா தப்பா என்றுகூட யாரும் சொல்லவில்லை. யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்ததே வேலை செய்திருக்கிறது. ஆகவே உங்கள் கவலை எல்லாம் கேள்வியைப் பற்றி இருக்கட்டும்.

‘ஃபோர்க்லிஃப்டைப் பாதுகாப்பாக ஓட்ட வேண்டுமா?’ என்று கேட்டால் கிடங்குக்கு வெளியே நிற்கிறவரும் சரியாகச் சொல்லிவிடுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘சமதளத்தில் போகிறீர்கள். தூக்கிய பெட்டிகள் முன்னால் பார்வையை மறைக்கின்றன. என்ன செய்வீர்கள்?’ விடைகள்: மிக மெதுவாக முன்னால் ஓட்டுவேன், ஹார்ன் அடித்துக்கொண்டே முன்னால் போவேன், இருக்கையிலிருந்து எழுந்து எட்டிப் பார்ப்பேன், பின்பக்கம் திரும்பிப் பார்த்து ரிவர்ஸில் ஓட்டுவேன். கடைசிதான் சரி. ஆனால் முதல் விடையைப் பாருங்கள், எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது! அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்று சிவப்பில் காட்டுவதால் என்ன ஆகப்போகிறது? ‘மெதுவாகப் போனாலும் பெட்டிக்கு அந்தப் பக்கம் நடப்பவர் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்’ என்று சொன்னால் அது பாடம். இப்படிப்பட்ட தப்பு விடைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் வராது. உங்கள் அண்ணனிடம் கேளுங்கள், பையன்கள் என்னென்ன செய்வார்கள் என்று வரிசையாகச் சொல்வார்.

அவர் ஏன் மாட்டிக்கொண்டார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன என்று பந்தயம் கட்டுவேன். ‘கீழ்க்கண்டவற்றுள் எது சரியல்ல?’ என்ற பாணியில் ஒன்றும் இருந்திருக்கும். அது வண்டி ஓட்டத் தெரியுமா என்று பார்க்கும் கேள்வியே அல்ல. தமிழிலும் சீனத்திலும் போடுங்கள், எதிர்மறைக் கேள்விகளைத் தூக்கிவிடுங்கள். மூடுலின் புள்ளிவிவர அறிக்கையில் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள் என்று வரும். அனுபவசாலிகளே கூட்டமாகத் தடுக்கி விழும் கேள்வி இருந்தால், முதலில் கேள்வியைச் சந்தேகப்படுங்கள்.

பூட்டு வைக்கும் அந்த மூன்று நான்கு இடங்களுக்கு: கேள்வித் தொகுப்பில் ஒரே விஷயத்துக்கு ஐந்தாறு கேள்விகள் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி வரும்படி செய்யுங்கள். தட்டித் தட்டிப் பார்ப்பது அதிலேயே பாதி நின்றுவிடும். பலமுறை முயலும் வகையில் அமைத்தால், ஒவ்வொரு தவறான முயற்சிக்குப் பிறகும் ஒரு குறிப்பு காட்டலாம். இரண்டு குறிப்பு எழுதினால் மூன்று முயற்சி கிடைக்கும். அதற்கு மேலும் மாட்டிக்கொண்டால், மேற்பார்வையாளர் வண்டி பக்கத்தில் நின்று நேரில் விளக்கட்டும். அப்புறம் அந்த ஒருவருக்கு மட்டும் கூடுதல் முயற்சி கொடுக்க மூடுலில் வழி இருக்கிறது.

மேலாளருக்கு வேண்டியது தணிக்கைக்குக் காட்ட ஒரு பட்டியல் என்றால், அதில் தப்பில்லை. ஆனால் நம் சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியிடம் பயிற்சியோடு மேற்பார்வையையும் சேர்த்தே கேட்கிறது. நூற்றுக்கு நூறு என்ற பட்டியலைத் தட்டியே வாங்கிவிடலாம் என்று உங்கள் பையன்கள் ஏற்கெனவே நிரூபித்துவிட்டார்கள். வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு ஷிஃப்ட்டுக்கு முழுப் பூட்டு, இன்னொரு ஷிஃப்ட்டுக்கு நான் சொன்ன மாதிரி என்று வைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஐந்து கேள்விகளைக் கிடங்கிலேயே வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போங்கள்.