வீட்டை புரோக்கர் மூலம் விற்பது நல்லதா, நாமே விற்பதா?

திருச்சி உறையூரில் அப்பா 1984-இல் கட்டிய வீட்டை 2025 தையில் விற்றோம். முதலில் புரோக்கரிடம் கொடுத்திருந்தோம், கடைசியில் நாங்களே விற்றோம். இரண்டையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

அந்த புரோக்கர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறுபது லட்சத்துக்கு மேல போகாது சார்" என்றார். நம்பினோம். இரண்டு மாதம் கழித்து, அவரோடு முன்பு வந்திருந்த ஒருவர் தனியாக வந்து கதவைத் தட்டினார். "அறுபத்தாறுல கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. மேல வச்சு விற்பது என்று இதைத்தான் சொல்வார்கள். நம்மிடம் ஒரு விலை, வாங்க வருபவரிடம் ஒரு விலை, நடுவில் இருப்பது புரோக்கருக்கு. கமிஷன் தனி. எல்லாரும் இப்படியில்லை, நேர்மையாகப் பிழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் விலை பேசும்போது வாங்குபவரும் நீங்களும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விற்றுத் தருகிறேன் என்று பவர் பத்திரம், அதாவது உங்களுக்குப் பதில் அவரே விற்கும் அதிகாரம், எழுதிக் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

பிறகு கேட்டில் நாங்களே போர்டு மாட்டினோம், இணையத்திலும் போட்டோம். வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் புரோக்கர்கள்தான். விலையை முடிவு செய்ய, பக்கத்துத் தெருக்களில் அண்மையில் விற்றவர்களிடம் போய்க் கேட்டோம். அரசின் வழிகாட்டி மதிப்பை வைத்து விலை சொல்லாதீர்கள். அது பத்திரச் செலவுக் கணக்குக்கானது, சந்தை விலை வேறு.

நேரடியாக விற்பதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அலைச்சல் இல்லை, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பதுதான். நாற்பது வருட வீடு. "எப்படியும் இடிச்சுட்டுத்தான் கட்டணும், மனைக்கு மட்டும் விலை சொல்லுங்க" என்பார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. ஆனால் அம்மா விளக்கேற்றிய பூஜையறையில் நின்றுகொண்டு அதைச் சொல்லும்போது தாங்கவில்லை. அண்ணன் ஒருவரைத் திட்டி அனுப்பியேவிட்டார். நல்ல விலை தர வந்தவர் அவர். இந்தப் பேச்சு நம் காதுக்கு வராமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வது நல்ல புரோக்கர் செய்யும் பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறந்து வளர்ந்த வீடு என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருந்தாலும் ஆள் இல்லாமல் முடியாது.

யார் மூலம் விற்றாலும் பத்திர வேலையை முன்பே முடித்துவிடுங்கள். எங்களுக்குப் பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை எங்கள் மூவர் பெயருக்கு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தங்கைக்கும் சம பங்கு உண்டு, அவள் கையெழுத்து இல்லாமல் பத்திரம் பதியக் கூடாது. வாங்குபவர் வங்கிக் கடன் போடுகிறார் என்றால் வங்கி வக்கீல் மூலப்பத்திரம் முதல் வில்லங்கம் வரை துருவிப் பார்ப்பார்.

68 லட்சத்துக்கு முடிந்தது. இரண்டு சதவீதக் கமிஷன் என்றால் 1,36,000 ரூபாய் போயிருக்கும், அது மிச்சம். வக்கீலுக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் கொடுத்தது அதில் சிறு பங்குதான். முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2 என்று 9 சதவீதச் செலவு வாங்குபவருடையது. நீங்கள் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சத்தைத் தொட்டால் அவர் 1 சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். எங்களிடம் வாங்கியவருக்கு இது தெரியவே தெரியாது, நாங்கள்தான் எடுத்துச் சொன்னோம். முன்பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். லாபத்துக்கான வரியை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாசல் தேக்குக் கதவை நாங்கள் கழற்றிக்கொள்வோம் என்று அக்ரிமெண்டிலேயே எழுதி வாங்கினோம். அது இப்போது கோயம்புத்தூரில் தங்கை வீட்டு வாசலில் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால், முன்பணம் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.